நிலா (வடசென்னைக் கடலோரத்தில்)

நிலா அல்லது சந்திரன் என்பது புவியைச் சுற்றிவரும் இயற்கைத் துணைக்கோள் ஆகும். தமிழில் இது திங்கள், மதி, அம்புலி எனவும் வழங்கப்படுகிறது. இதன் விட்டம் 3,474 கி.மீ.; அதாவது புவியின் விட்டத்தில் கால் பங்கிற்குச் சற்றுக் கூடுதல். புவியிலிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் உள்ளது. நிலாவின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1.3 நொடி ஆகிறது. அந்த ஒளி அதற்குச் சொந்தமானதன்று. சூரிய ஒளியையே அது திருப்பி அனுப்புகிறது.

நிலாவைப் பற்றி அறியத் தொடங்குவோருக்குத் தொலைநோக்கி கட்டாயமன்று. சென்னையின் வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களை ஒட்டிய கடலோரத்தில் நிலாவின் இயக்கத்தை வானில் மட்டுமன்றி நீரிலும் காணலாம்.

'''பிறைகள்'''

நிலா புவியை ஒருமுறை சுற்ற 27.3 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே 29.5 நாட்கள் உள்ளன. இதற்கிடையில் புவியும் சூரியனைச் சுற்றி நகர்ந்துவிடுவதால், நிலா பழைய நிலைக்கு வர இரண்டு நாட்களுக்கு மேல் கூடுதலாகச் செல்ல வேண்டியுள்ளது. பிறை என்பது புவியின் நிழல் என்று பலர் கருதுகின்றனர். இது தவறு. புவியின் நிழல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. மற்ற நாட்களில் நிலாவின் ஒளிபெற்ற பாதியில் எவ்வளவு நமக்குத் தெரிகிறது என்பதே பிறையின் அளவைத் தீர்மானிக்கிறது.

இக்கடற்கரை கிழக்கு நோக்கியது. எனவே பௌர்ணமியன்று சூரியன் மேற்கே மறையும் வேளையில் நிலா நேரே கடலிலிருந்து எழுவதைக் காணலாம். அடுத்தடுத்த நாட்களில் அது சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். வளர்பிறையின் மூன்றாம் நாள் பிறை இதற்கு எதிர்த்திசையில், மாலையில் மேற்கு அடிவானத்தில் தோன்றும். சென்னை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அப்பிறை சாய்ந்த வில்லாக அல்லாமல் பெரும்பாலும் மல்லாந்த படகைப் போலத் தெரியும்.

ஊர் வழக்கங்களும் பிறையை ஒட்டியே அமைந்துள்ளன. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் ஆதிபுரீசுவரர் மேல் ஆண்டு முழுதும் சாத்தப்பட்டிருக்கும் கவசம், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் அகற்றப்படுகிறது. ரமலான் நோன்பின் தொடக்கமும் முடிவும் பிறை தெரிவதைப் பொறுத்தவை.

'''ஓதம்'''

கடல்மட்டம் ஒழுங்காக உயர்ந்து தாழ்வதே ஓதம் ஆகும். உயர்வதை ஏற்றம் என்றும், தாழ்வதை வற்றம் என்றும் கூறுவர். சென்னைக் கடலில் நாளொன்றுக்குப் பொதுவாக இரண்டு ஏற்றங்களும் இரண்டு வற்றங்களும் நிகழ்கின்றன. இரண்டு ஏற்றங்களுக்கு இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம்.

நிலா தலைக்கு மேல் ஒருமுறைதானே வருகிறது, ஏற்றம் மட்டும் ஏன் இருமுறை? ஓதத்தை உண்டாக்குவது ஈர்ப்பு மட்டுமன்று, ஈர்ப்பிலுள்ள வேறுபாடு. நிலாவை நோக்கிய பக்கத்துக் கடல் புவியின் மையத்தைவிட அதிகமாக ஈர்க்கப்படுகிறது. மறுபக்கத்துக் கடல் குறைவாக ஈர்க்கப்படுகிறது. எனவே இரு பக்கமும் நீர் மேலெழுகிறது. சூரியன் புவியை ஈர்க்கும் விசை நிலாவின் விசையைவிட மிகப் பெரியது. ஆயினும் அது வெகு தொலைவில் இருப்பதால் இவ்வேறுபாடு சிறிது. சூரியனால் எழும் ஓதம் நிலாவினால் எழுவதில் பாதிக்கும் குறைவே. அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றை ஒட்டி இரண்டும் சேர்ந்து இழுப்பதால் ஓதம் பெரிதாகிறது. அட்டமியை ஒட்டிச் சிறிதாகிறது.

சென்னையில் பெரிய ஓதத்தின்போதும் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குசராத்தின் காம்பே வளைகுடாவில் இது 10 மீட்டரையும் எட்டுகிறது. கடற்கரையின் வடிவமும் கடலின் ஆழமுமே இவ்வளவு வேறுபாட்டிற்குக் காரணம்.

'''எண்ணூர் முகத்துவாரம்'''

கொசத்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில் இந்த ஒரு மீட்டரின் மதிப்பு பெரிது. ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே புகுந்து, வற்றத்தில் வெளியேறுகிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் இந்நீருடன் உள்ளே வந்து, உவர்நீரில் வளர்கின்றன. அலையாத்திச் செடிகள் வாழ்வதும் இதனாலேயே. வற்றத்தில் வெளியேறும் நீர்தான் வாயிலில் சேரும் மணலை அரித்துத் தள்ளுகிறது. கழிமுகத்தில் வண்டலும் அனல்மின் நிலையச் சாம்பலும் படிந்து ஆழம் குறைந்தால், உள்ளே வரும் நீர் குறையும். வெளியேறும் நீரின் வேகமும் குறையும். வாயில் மணலால் அடைபடும். ஆற்றில் நீர்வரத்து இல்லாத கோடையில் இது மேலும் கடுமையாகிறது. வாயில் அடைபட்டால் படகு போக வழியில்லை, இறாலும் இல்லை.

ஏற்றம் நல்லதை மட்டும் கொண்டு வருவதில்லை. 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் இக்கழிமுகத்தில் பரவி, படகுகளிலும் வலைகளிலும் அலையாத்திகளிலும் படிந்தது. மிதக்கும் எண்ணெயை வற்றம் வெளியே இழுத்தாலும், அடுத்த ஏற்றம் அதில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே தள்ளிவிடும்.

'''நிலாவின் செயல் அல்லாதவை'''

2004 திசம்பர் 26 அன்று காலை 9 மணியளவில் சென்னையை ஆழிப்பேரலை தாக்கியது. அன்று பௌர்ணமி, ஆதலால் நிலாவே காரணம் என்ற எண்ணம் எளிதில் எழக்கூடியது. உண்மையில் சுமத்திரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கமே அதற்குக் காரணமாகும். இராயபுரம் முதல் வடக்கே நிகழ்ந்த கடலரிப்பும் நிலாவினால் அன்று. அலைகள் வடக்கு நோக்கி நகர்த்தும் மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை கரைந்தது. அதைத் தடுக்கவே கற்சுவர்களும் தூண்டில் வளைவுகளும் அமைக்கப்பட்டன.

'''நிலாப் பயணங்கள்'''

1969 முதல் 1972 வரை 12 பேர் நிலாவில் நடந்துள்ளனர். இந்தியாவின் சந்திரயான்-1, எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. நிலாவின் மண்ணில் நீர் மூலக்கூறுகள் இருப்பதை உறுதிசெய்ய அது உதவியது. சந்திரயான்-3 திட்டத்தின் தரையிறங்கி 2023 ஆகத்து 23 அன்று தென்முனைக்கு அருகே இறங்கியது.

அப்பல்லோ வீரர்கள் விட்டுவந்த எதிரொளிப்பான்களின் மீது சீரொளியைச் செலுத்தி நிலாவின் தொலைவு துல்லியமாக அளக்கப்படுகிறது. அத்தொலைவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 செ.மீ. கூடிவருகிறது. இதற்குக் காரணமும் ஓதமே: கடல்நீரின் உராய்வு புவியின் சுழற்சியைச் சிறிது சிறிதாகக் குறைக்க, அந்த இழப்பிற்கு ஈடாக நிலா விலகிச் செல்கிறது.