கெப் வண்டியின் முன்னச்சு: வயலுக்கும் வீதிக்கும் ஏற்றது எது?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களிற் கமக்காரர் கடலோரத்தில் வாழ, அவர்தம் வயல்கள் ஊருக்கு மேற்கே பரந்து கிடக்கின்றன. தார் வீதியிற் புறப்படும் வண்டி, கிறவல் வீதியைக் கடந்து, வாய்க்காற் கட்டின்மேல் ஏறியே வட்டையை அடைதல் வேண்டும். பெரும்போக மழையில் அக்கட்டுச் சேறாகும். சிறுபோகத்திற் குண்டுங் குழியுமாக இறுகும். ஆதலின் நாற்சில்லு இயக்கமுள்ள கெப் வண்டியைப் பலர் நாடுகின்றனர். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் திறக்கப்பட்டமையால், பழைய வண்டிகளைத் திருத்தி ஓட்டுவோர் மிகுதி. வாங்கும்பொழுது இயந்திரத்தை மட்டும் நோக்கி, முன்சில்லுகளைத் தாங்கும் அமைப்பை நோக்காது விடுதல் தவறாகும். அறுவடை நாளில் ஒடுங்கிய கட்டின்மேல் முன்சில்லு முறிந்து வண்டி நின்றால், பின்வரும் உழவு இயந்திரங்களும் நின்றுவிடும்.

1. ஒரே அச்சும் தகட்டு வில்லும்

இரு முன்சில்லுகளும் ஒரே தடித்த அச்சாற் பிணைக்கப்பட்டு, அடுக்கிய தகட்டு விற்கள்மேல் வண்டி அமர்ந்திருக்கும். 1948 இல் வெளிவந்த லாண்ட் ரோவரும், 1979 இல் நாற்சில்லு இயக்கம் பெற்ற ரொயோட்டா ஹைலக்ஸும் இவ்வகையின. வலிமை மிகுதி, உறுப்புகள் குறைவு, தகடு ஒன்று முறியின் ஊரிலேயே மாற்றலாம். எனினும் ஒரு சில்லு மேட்டில் ஏற, மற்றதும் சாயும். தார் வீதியிற் குலுக்கல் அதிகம்.

2. ஒரே அச்சும் சுருள் வில்லும்

1983 இல் வந்த லாண்ட் ரோவர் 110, 1999 இல் வந்த லாண்ட் குறூசர் 79 ஆகியவற்றில் இதனைக் காணலாம். வில் பாரத்தை மட்டும் தாங்க, அச்சை நிலைநிறுத்துவன தனிக் கைகளும் குறுக்குத் தண்டுமாகும். குழிகளிற் சில்லு நிலத்தை விடாது. கைகளின் றப்பர்கள் தேயின், ஸ்டியரிங் கடுமையாக நடுங்கும்.

3. தனிக் கைகளும் முறுக்குத் தண்டும்

ஒவ்வொரு சில்லையும் மேற்கை, கீழ்க்கை எனும் இரண்டு தாங்கும். நீண்ட இரும்புத் தண்டு முறுகி வில்லின் தொழிலைச் செய்யும். கராஜ்களில் இதனை ‘டோர்ஷன் பார்’ என்பர். மிற்சுபிசி எல்-200 இன் பழைய இனங்களும், 2002 இல் வந்த இசுசு டி-மெக்ஸும் இவ்வகையின. முன்புறம் தாழ்ந்தால் ஆணியை முறுக்கி உயர்த்தலாம். ஆனால் அளவுக்கு மேல் முறுக்கினால் தண்டு வலுப்பெறாது. ஓட்டம் கடினமாகி, சில்லை இயக்கும் அச்சுமூட்டுகள் கோணி விரைவிற் கெடும்.

4. தனிக் கைகளும் சுருள் வில்லும்

2004 இல் வந்த ஹைலக்ஸும், 2011 இல் வந்த டி-மெக்ஸும் இதனை ஏற்றன. தார் வீதியில் இதுவே சுகமானது. சுருள் வில்லைக் கழற்ற அதற்குரிய அழுத்துங் கருவி வேண்டும். அஃதின்றிக் கழற்றினால் வில் தெறித்து உயிராபத்து நேரலாம்.

தெரிவு செய்யும் முறை

நெல் மூடைகளின் பாரம் பெரும்பாலும் பின்னச்சையே சாரும். ஆதலின் பாரத்தை மட்டும் கருதிக் கடினமான முன்னச்சைத் தேடுதல் வீணாகும். நாள்தோறும் வாய்க்காற் கட்டில் ஓடுவோர்க்கு முதலிரு வகைகளும், பெரும்பாலும் தார் வீதியில் ஓடி இடையிடையே வயலுக்குச் செல்வோர்க்குப் பின்னிரு வகைகளும் பொருந்தும். தனிக் கைகளுள்ள வண்டியில் பாரம் அமுங்கும்பொழுது நடுப்பகுதி நிலத்தை நெருங்கும் என்பதை மறத்தலாகாது. உழுத சேற்றுக்கு எவ்வகைக் கெப்பும் உதவாது. அங்கு உழவு இயந்திரமே தக்கது.

வாங்குமுன் சோதனை

முன்சில்லை ஜக்கால் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தல் வேண்டும். ஆட்டம் இருப்பின் பந்துமூட்டோ பெயரிங்கோ தேய்ந்திருக்கும். பக்கவாட்டில் மட்டும் ஆடின் ஸ்டியரிங் மூட்டுகளிற் குறையுண்டு. அச்சுமூட்டின் றப்பர் உறை கிழிந்திருப்பின், கிறீஸ் வெளியேறி மணலும் சேறும் உட்புகுந்திருக்கும். வளைவிற் ‘டக், டக்’ என்னும் ஒலி அதன் அறிகுறி.

பராமரிப்பு

கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும். வயலிலிருந்து மீண்டதும் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீராற் கழுவுக. கிழிந்த உறையை உடனே மாற்றுக. சிறிய றப்பர் உறையொன்றைக் கவனியாது விட்டவர், முழு அச்சுமூட்டுக்கும் விலை கொடுக்க நேரிடும்.