ஜிலேபியும் மீன்கொத்தியும்

பீங்கான் பொம்மைகளுக்கும் செராமிக் சாமான்களுக்கும் பெயர்போன விருத்தாசலத்தில், ஜிலேபி என்றதும் மிட்டாய்க் கடையை மட்டும் நினைக்க வேண்டியதில்லை. மீன்காரம்மாளின் கூடையிலும் அந்தப் பெயரில் ஒரு சரக்கு உண்டு. ஆப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட திலாப்பியா என்னும் இந்த மீன், ஜனங்களின் ஆகாரப் பற்றாக்குறையைத் தீர்க்கும் நல்லெண்ணத்தோடு 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டைகளையும் குஞ்சுகளையும் தாய்மீன் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதாலும், பிறந்த சில மாதங்களிலேயே இனவிருத்திக்குத் தயாராகிவிடுவதாலும், 1959-இல் அதைப் பரப்பலாகாது என்று தடை விதித்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. அமராவதி அணையில் பிடிபடும் மீன்களில் பெரும்பகுதி அதுவே என்னும் நிலையும் வந்தது.

வேட்டைப் பிராணிக்குச் சுதேசி, விதேசி என்ற பேதம் கிடையாது. எது மலிவாகக் கிடைக்கிறதோ அதுவே அதற்கு விருந்து. பெரியாறு ஏரியில் நீர்நாயின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள், அதில் திலாப்பியா, சாதாக்கெண்டை ஆகிய வந்தேறி மீன்களின் மிச்சங்களைக் கணிசமாகக் கண்டார்கள். ஆனால் நீர்நாய் கடித்துத் தின்னும். மீன்கொத்தியோ முழுதாக விழுங்க வேண்டும். பொம்மை செய்கிறவரின் அச்சைப் போல அதன் தொண்டைக்கு ஓர் அளவு உண்டு. உடல் அகன்று, முதுகில் முள்வரிசை தாங்கி வளர்ந்த ஜிலேபி அந்த அளவுக்குள் அடங்காது; சிறு குஞ்சாக இருக்கும்வரைதான் அது இரை.

இதைவிட விசித்திரமான கதை, ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நடந்தது. 1950-களில் அங்கே விடப்பட்ட நைல் கொடுவா, 1980-களில் பல்கிப் பெருகி, அந்த ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்களைச் சூறையாடிற்று. மீன்கொத்தி வந்தேறியைத் தின்னவில்லை. வந்தேறிதான் மீன்கொத்தியின் இரையைத் தின்று தீர்த்தது. வேறு வழியின்றிப் பறவை 'டகா' என்னும் மெலிந்த வெள்ளி மீனுக்கு மாறியது. பழைய இரையைக் காட்டிலும் எடை குறைந்தது அது. ஆகவே அதே வயிற்றை நிரப்ப, முன்னிலும் அதிகமான மீன்களைப் பிடிக்க வேண்டியதாயிற்று. வயிறு நிறைவதை மட்டும் பார்த்துவிட்டு, பறவைக்குக் குறையொன்றுமில்லை என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்!

நம் ஏரிகளின் மேல் சிறகடித்து அந்தரத்தில் நின்று, குறிபார்த்துச் செங்குத்தாக விழும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தியும் அந்த விக்டோரியா ஏரிப் பறவையின் இனந்தான். அது ஒரு காலைப் பொழுதில் எத்தனை தடவை முழுகுகிறது, எத்தனை தடவை வெறும் அலகோடு எழுகிறது என்பதைக் கரையில் உட்கார்ந்து எண்ணுவதற்குக் கருவி ஏதும் வேண்டாம். பொறுமை இருந்தால் போதும்.