மட்டக் குதிரையை லாரியில் ஏற்றிச் செல்லும் முறை

ஆடி மாதத்தில் ஈரோடு ஜில்லா அந்தியூரில் குருநாத சுவாமி கோயில் உற்சவத்தையொட்டிக் கூடும் சந்தையில் மாடுகளோடு குதிரைகளும் மட்டக் குதிரைகளும் விலையாவது யாவரும் அறிந்ததே. வாங்குவோர் அவற்றை லாரியில் ஏற்றி இரவோடிரவாக ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கின்றனர். பிராணியின் பல்லையும் குளம்பையும் நெடுநேரம் சோதித்து விலை பேசுகிறவர்களில் அநேகர், அது ஊர் வந்து சேரும் விதத்தைப்பற்றிச் சிறிதும் யோசிப்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் எனது சரகத்திலுள்ள விவசாயி ஒருவர் இவ்வாறு ஒரு மட்டக் குதிரையை வாங்கினார். வழியில் அது படுத்துவிடலாகாதென்று எண்ணி, லாரியின் மேற்சட்டத்தில் கயிற்றைக் குறுக்கிக் கட்டி, தலை நிமிர்ந்தபடியே இரவு முழுவதும் கொண்டுவந்தார். உடலில் ஒரு கீறலுமின்றி வந்ததைக் கண்டு மகிழ்ந்தார். மூன்றாம் நாள் அது தீனியெடுக்கவில்லை, மூக்கில் சளி வடிந்தது, காய்ச்சலும் கண்டது. கால்நடை வைத்தியரை அழைத்தபோது நுரையீரல் அழற்சி முற்றியிருந்தது. பிராணி இறந்தது. அதற்குக் காரணம் அந்தக் குறுகிய கயிறேயாம்.

இதன் விவரம் பின்வருமாறு: குதிரை மூக்கினால் மாத்திரமே சுவாசிக்கும் பிராணி. அது தலையைத் தாழ்த்தும்போது சுவாசக் குழாயிலுள்ள தூசியும் சளியும் கிருமிகளும் மூக்கின் வழியே வெளியேறுகின்றன. பல மணி நேரம் தலையை நிமிர்த்திக் கட்டினால் அவை வெளியேற வழியின்றி நுரையீரலில் தங்கி நோயை விளைவிக்கின்றன. பெரிய குதிரைக்கும் மாட்டுக்கும் ஏற்றவாறு அமைந்த வண்டியில் கட்டும் வளையங்கள் உயரத்தில் இருப்பதால், மட்டக் குதிரைக்கே இத்துன்பம் அதிகம். ஆகையால் வண்டியைப் பிராணியின் அளவுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்வதே முதற் காரியம்.

வண்டி: இரும்புத் தளத்தில் குளம்பு வழுக்கும். வெறும் வைக்கோலைப் பரப்பினால் அதுவும் சேர்ந்து சறுக்கும். ஆதலால் ரப்பர் விரிப்பையோ மணலையோ முதலில் பரப்பி, அதன்மேல் வைக்கோலிடுக. மார்புக்கு முன்னுள்ள குறுக்குக் கட்டை உயரமாயிருப்பின் மட்டக் குதிரை அதன் கீழே நுழைந்து சிக்கிக்கொள்ளும். கட்டையை அதன் மார்பின் மட்டத்துக்குத் தாழ்த்தி, கீழேயுள்ள இடைவெளியைப் பலகையால் அடைக்கவேண்டும். பக்கங்களில் சாக்கில் வைக்கோல் அடைத்துக் கட்டுவது நலம்.

ஏற்றுதல்: அடித்தும் வாலை முறுக்கியும் ஏற்றலாகாது. கரை மேட்டை ஒட்டி லாரியை நிறுத்தினால் ஏற்றம் குறைந்து பிராணி தானே நடந்து ஏறும். சிறிது தீனியைக் காட்டி முன்னே ஒருவர் அழைத்துச் செல்லட்டும்.

கட்டுதல்: கடிவாளத்தில் ஒருபோதும் கட்டாமல், முகக்கயிற்றில் கட்டுக. வாய் தன் மார்பின் மட்டத்துக்குத் தாழும்படியும், முன்னங்கால் கயிற்றைத் தாண்டாதபடியும் நீளம் இருக்கவேண்டும். ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சே போடவேண்டும்.

முறை தவறாமல் நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. ஏற்றும்போது முதலில் பின்கட்டையைப் போட்டுப் பிறகு கயிற்றைக் கட்டவேண்டும். இறக்கும்போது முதலில் கயிற்றை அவிழ்த்துப் பிறகு பின்கட்டையை எடுக்கவேண்டும். பின்புறம் திறந்திருக்கையில் தலை கட்டுண்டிருந்தால், குதிரை மிரண்டு பின்னோக்கி இழுத்து விழுந்து கழுத்தையோ காலையோ முறித்துக்கொள்ளும்.

பிரயாணம்: வெயிலுக்கு முன்னோ பின்னோ புறப்படுக. தார்ப்பாயை நாற்புறமும் இறுகக் கட்டிக் காற்றைத் தடுக்கலாகாது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டி, தலையை நன்றாகத் தாழ்த்த விடவேண்டும். தண்ணீர் குறைந்தால் வயிற்று வலி காண இடமுண்டு. நின்றுகொண்டே வரும் பிராணிக்குத் திடீர்த் தடையும் வேகமான திருப்பமும் பெருந்துன்பமாம்.

1978-ஆம் வருஷத்திய பிராணிகள் போக்குவரத்து விதிகளின்படி, பிரயாணத்துக்குத் தகுதியுள்ளதென்று கால்நடை வைத்தியரின் சான்றிதழ் பெறவேண்டும். வண்டியில் ஒரு பராமரிப்பாளர் உடன் செல்லவேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது. சினையான குதிரைகளையும் குட்டிகளையும் மற்றப் பிராணிகளோடு கலந்து ஏற்றலாகாது. கிராமாதிகாரிகள் சந்தைக்குப் புறப்படும் தங்கள் ஊரார்க்கு இவற்றை முன்னதாகவே எடுத்துரைப்பாராயின் பெரிதும் நன்மையாகும்.

ஊர் சேர்ந்தபின்: தீனியைத் தரையில் வைத்து உண்ணச் செய்க. வீட்டிலுள்ள குதிரைகளோடு உடனே சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தனியே வைக்கவேண்டும். முதல் வாரத்தில் தினமும் உடல் உஷ்ணத்தைப் பார்த்து வருக. ஓய்ந்திருக்கையில் அது 101½ டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேற்பட்டாலும், தீனி குறைந்தாலும், இருமல் கண்டாலும், மறுநாள் வரை பொறுத்திராமல் கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை அதிகச் செலவின்றிச் செய்யக்கூடியவை. கயிற்றில் ஒரு முழம் கூடுதலாக விடுவதற்கோ செலவே இல்லை.