டீபாட்டுக்கு வயசு என்ன?

விருத்தாசலம்னா உங்களுக்கு ரயில்வே ஜங்ஷன் ஞாபகம் வரலாம். எங்களுக்கு பீங்கான்தான். ஃபியூஸ் கட்டையிலிருந்து பொம்மை வரைக்கும் இங்கே சூளையில் வேகும். அப்படிப்பட்ட ஊர்க்காரனான நானே, இன்டர்ன்ஷிப்பில் வந்த பணத்தை மொத்தமா ஒரு சீன டீபாட்டுக்குக் கொடுக்கப் பார்த்தேன். "200 வருஷப் பழசு, அடியில் மாஸ்டர் முத்திரை இருக்கு"ன்னு ஆன்லைன் விளம்பரம்.

செராமிக் யூனிட்டில் வேலை பார்க்கிற மாமாகிட்ட போட்டோவைக் காட்டினேன். "முத்திரைதானேடா? நாளைக்கே அடிச்சுத் தரேன்"னு சிரிச்சார்.

அவர் சொன்னது சரிதான். சேகரிப்பவர்கள் தேடுவது ஜியாங்சு மாகாணத்தில் இருக்கும் யிஷிங் ஊர் டீபாட். மிங் வம்சக் காலத்திலிருந்து அங்கே செய்றாங்க. 'ஸிஷா' என்ற களிமண், கிளேஸ் கிடையாது, சூளையில் 1100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு. வெந்த பிறகும் நுண்துளைகள் மிஞ்சும். டீ ஊறி ஊறி மேலே ஒரு மினுமினுப்பு ஏறும். ஆனா புது டீபாட்டைக் கெட்டி டீயில் கொதிக்க வெச்சும் பழைய நிறத்தைக் கொண்டுவரலாம்.

போலி செய்தவர்களும் சாதாரண ஆளுங்க இல்லை. குயவர் கு ஜிங்ஜோவை (1915–1996) 1930-களில் ஷாங்காய் பழம்பொருள் கடை ஒன்று வேலைக்கு வெச்சது, பழைய மாஸ்டர்களின் டீபாட்டை நகல் எடுக்கத்தான். பின்னாடி அவரே பெரிய மாஸ்டர் ஆனார். 2010-ல் அவருடைய ஒரு டீபாட் 1 கோடி யுவானுக்கு மேல் ஏலம் போச்சு. இப்போ அவர் முத்திரையிலேயே போலி வருது!

அப்போ வயசை எப்படிக் கண்டுபிடிப்பது? தெர்மோலூமினசென்ஸ் டெஸ்ட் இருக்கு. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள்கள், சுற்றியுள்ள இயற்கைக் கதிர்வீச்சின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமா சேமிக்கும். சூளைச் சூட்டில் அந்தக் கணக்கு ஜீரோ ஆகி, அன்னிலேர்ந்து மறுபடி ஏறும். லேபில் துளி மண்ணைச் சுரண்டிச் சூடாக்கினா, சேமிச்சது ஒளியா வெளிவரும். ஒளி அதிகம்னா வயசும் அதிகம். கிடைப்பது தோராயமான வயசுதான்; எக்ஸ்-ரே காட்டி ஏமாற்றவும் முடியும்.

விற்பவரிடம் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டேன். பதிலே இல்லை. பணம் தப்பிச்சது.

உங்களுக்கும் ஆசை இருந்தா, முதலில் விலை குறைந்த புது யிஷிங் டீபாட் ஒண்ணு வாங்கி தினமும் டீ போடுங்க. மூடி எப்படிப் பொருந்துது, மண் கைக்கு எப்படி இருக்குன்னு பழகின பிறகு பழசைத் தேடலாம்.