பழைய நியூஸ் பேப்பர் ஏன் மஞ்சளாகுது? மரத்துக்குள் ஒளிந்திருக்கும் லிக்னினை அகச்சிவப்புக் கதிர் காட்டிக்கொடுப்பது எப்படி?

நியூஸ் பேப்பரை சில நாள் வெயிலில் போட்டால் மஞ்சளாகிவிடும். ஆனா, நோட்டுப் புத்தகத்தின் வெள்ளைத் தாள் அவ்வளவு சீக்கிரம் நிறம் மாறாது. இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் லிக்னின்.

லிக்னின்னா என்ன?

தாவரத்தின் செல்லுலோஸ் இழைகளைப் பிணைத்து, மரத்தை விறைப்பாக நிற்க வைக்கும் பொருள் இது. செல்லுலோஸ் கம்பி என்றால், லிக்னின் அதைச் சுற்றிய கான்கிரீட். மரங்களில் பொதுவாக 20 முதல் 30 சதவீதமும், கரும்புச் சக்கையில் சுமார் 20 சதவீதமும் இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் நிறம் மாறுவது இதுதான். மரத்தை அப்படியே அரைத்து எடுக்கும் கூழில் லிக்னின் தங்கிவிடும். வெள்ளைத் தாளுக்கு, ரசாயனத்தில் வேகவைத்து அதை நீக்குகிறார்கள்.

அளக்க வேண்டிய அவசியம் என்ன?

லிக்னின் கூடினால் ரசாயனமும், செலவும், கழிவும் கூடும். ரசாயனம் குறைந்தால் கூழ் சரியாக வேகாது. அதிகமானால் இழையே சேதமாகும். கரும்புச் சக்கையில் காகிதம் தயாரிப்பதற்காக 1979-ல் தொடங்கப்பட்ட, கரூர் மாவட்டத்தின் டிஎன்பிஎல் உட்பட எந்த ஆலைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

பழைய முறையில், மரத்தூளை 72 சதவீத கந்தக அமிலத்தில் போட்டு, கரையாமல் மிஞ்சுவதை எடை போடுவார்கள். இதுக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

அகச்சிவப்புக் கதிர் என்ன செய்யுது?

ஒவ்வொரு வேதிப் பிணைப்பும் தனக்கென்று ஒரு வேகத்தில் அதிரும். அதற்குப் பொருந்தும் அகச்சிவப்பு அலையை மட்டும் உறிஞ்சும். லிக்னினில் பென்சீன் வளையங்கள் இருக்கு, செல்லுலோஸில் கிடையாது. அந்த வளையங்கள் 1510 என்ற அலை எண்ணை ஒட்டி ஒளியை உறிஞ்சுவதால், கருவி வரையும் கோட்டில் அங்கே ஒரு முகடு தெரியும். முகடு உயர்ந்தால் லிக்னின் அதிகம். உலர்ந்த தூள் ஒரு சிட்டிகை போதும். சில நிமிடங்களில் முடிவு.

எந்த வகை லிக்னின் என்பதும் தெரியும். பைன் மரத்தில் 1270-ஐ ஒட்டிய முகடு ஓங்கி நிற்கும். தைலமரத்தில் 1330-ஐ ஒட்டி இன்னொன்று தலைகாட்டும். இந்த இரண்டாவது வகையை நீக்குவது கொஞ்சம் சுலபம்.

கிட்டத்தட்ட இதே முறையில், அண்மை அகச்சிவப்புக் கதிர் மூலம், தைலமரத்தை வெட்டாமலேயே சிறு துண்டு எடுத்துச் சோதிக்கவும் முடியும். லிக்னின் குறைவான மரத்தைத் தேர்ந்தெடுத்து நாற்று வளர்க்க இது உதவுகிறது.

அப்போ அமிலச் சோதனை இனி வேண்டாமா?

வேண்டும். முகட்டின் உயரம் மட்டும் சதவீதத்தைச் சொல்லிவிடாது. அமில முறையில் அளந்த மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் கருவியை முதலில் பழக்க வேண்டும். பைன் மரத்துக்குப் பழக்கிய கருவியைக் கரும்புச் சக்கைக்கு அப்படியே பயன்படுத்தினால் கணக்கு தப்பும். தூளில் ஈரம் இருந்தாலும் தண்ணீரின் முகடு குறுக்கே வந்து குழப்பும்.