‘ஹைனஸ்’ ஆகாத புதுக்கோட்டை ராணி

சந்தி சிரித்த சம்பந்தங்கள் – 9

போன வாரம் கபூர்தலா மகாராஜாவின் ஸ்பானிய ராணி அனிதா டெல்காடோவின் பின்னால் பாரிஸ், பஞ்சாப் என்று அலைந்தோம். இந்த வாரம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருச்சியில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம்: புதுக்கோட்டை.

ஆனால் கல்யாணம் நடந்த இடம் கொஞ்சம் தூரம்தான். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரம், 1915 ஆகஸ்ட் 10. மந்திரமும் இல்லை, மாதா கோயில் மணியும் இல்லை, பதிவுத் திருமணம். மாப்பிள்ளைக்கு வயது 39, பெண்ணுக்கு 20. மாப்பிள்ளை, பதினொரு குண்டு மரியாதை பெற்ற சமஸ்தானத்தின் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். பெண் எஸ்மி மேரி ஃபிங்க். எல்லோரும் கூப்பிட்ட பெயர் மோலி. அப்பா வுல்ஃப் ஃபிங்க் பாரிஸ்டர். அப்பாவின் உடன்பிறந்தவரான தியடோர் ஃபிங்க் மெல்பர்னில் அரசியலிலும் பத்திரிகை உலகிலும் பெரிய கை. வீட்டுக்குப் பெயர் இருந்தது. அரச ரத்தம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

ராஜாவுக்கு இது இரண்டாம் தாரமோ மூன்றாம் தாரமோ அல்ல, முதல் கல்யாணம். நாற்பதை நெருங்கும்வரை அவர் பிடிகொடுக்கவே இல்லை. சமஸ்தானத்துக்கு வாரிசு பிறக்க வேண்டுமானால் இந்தப் பெண் வயிற்றில்தான் பிறக்க வேண்டும் என்ற நிலை. டெல்லியும் சென்னையும் லண்டனும் தலையில் கை வைத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

யார் இந்த மார்த்தாண்ட பைரவர்? 1875-ல் பிறந்தவர். ராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரன். ஆண் வாரிசு இல்லாத தாத்தா பேரனையே தத்து எடுத்துக்கொண்டார். 1886-ல் தாத்தா கண்மூட, பத்து வயதுப் பையன் ராஜாவானான். நிர்வாகத்தை திவான் சேஷய்யா சாஸ்திரி பார்த்துக்கொண்டார்; பையனுக்குப் பாடம் சொல்ல கிராஸ்லி என்ற ஆங்கிலேயர் வந்தார். 1894-ல் முழு அதிகாரம் கைக்கு வந்தது. அதற்குள் ராஜாவின் நடை, உடை, பேச்சு எல்லாம் இங்கிலீஷ்காரனுடையதாகிவிட்டிருந்தன. கப்பல் ஏறினால் திரும்பி வர மனசே இல்லை. சுதேச ராஜாக்கள் அடிக்கடி ஐரோப்பா போகக் கூடாது என்று வைஸ்ராய் கர்சன் 1900-ல் சுற்றறிக்கையே விட்டார். இவரைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான். துரை மாதிரி இரு என்று வளர்த்தவர்கள், துரை மாதிரியே துரைசானியைக் கட்டிக்கொண்டு வந்ததும் ஏன் பதறினார்கள் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

தொண்டைமான்களின் விசுவாசத்தில் வெள்ளைக்காரர்களுக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. 1799-ல் திருக்களம்பூர் காட்டில் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த வம்சம். அந்தப் பழியை நம்மூர் இன்னும் மறக்கவில்லை. ஹைதர் அலியோடு நடந்த சண்டைகளிலும் கும்பினி பக்கம்தான் நின்றார்கள். 1913-ல் மார்த்தாண்ட பைரவருக்கு ஜி.சி.ஐ.இ. பட்டமும் கிடைத்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து இந்தக் கல்யாணம். நூறாண்டு விசுவாசம் எதற்கும் உதவவில்லை.

ராஜா இஷ்டப்பட்ட வெள்ளைக்காரப் பெண்ணோடு பழகினார் என்றால் அரசாங்கம் முகம் சுளிக்கும், ஒரு ரகசியக் கடிதம் எழுதும், அதோடு விட்டுவிடும். சமஸ்தானங்களில் ஆசைநாயகிகளுக்குப் பஞ்சமா? அதற்கெல்லாம் யாரும் கோப்பு திறப்பதில்லை. சட்டப்படி மனைவி என்று கையெழுத்துப் போட்டால்தான் கோப்பு திறக்கும். மனைவி என்றால் பட்டம் கேட்பாள். கவர்னர் விருந்தில் எந்த நாற்காலி என்ற கேள்வி வரும். அவளுக்குப் பிறக்கும் பிள்ளை சிம்மாசனம் கேட்பான். கள்ள உறவைச் சகித்துக்கொண்ட சாம்ராஜ்யம் நல்ல உறவைச் சகிக்கவில்லை. இந்தத் தொடரில் பார்த்த கல்யாணங்களில் ஊர்ப் பேச்சால் சந்தி சிரித்தவை பல. புதுக்கோட்டைக் கல்யாணத்தைச் சந்திக்கு இழுத்தது செகரட்டேரியட்.

அரசாங்கம் கல்யாணத்தைத் தடுக்கவில்லை. தடுக்கவும் முடியாது, மெல்பர்னில் சட்டப்படி நடந்தது செல்லும். அவர்கள் செய்தது அதைவிட எளிது: கண்ணை மூடிக்கொண்டார்கள். ‘ஹர் ஹைனஸ்’ என்ற பட்டம் கிடையாது. மகாராணி என்ற அங்கீகாரம் கிடையாது. ராஜா ‘ஹிஸ் ஹைனஸ்’. பக்கத்தில் நிற்கும் பெண்மணி அரசாங்கத்தின் கணக்கில் யாருமில்லை. பாட்டியாலா மகாராஜா ராஜிந்தர் சிங் 1893-ல் ஃப்ளாரன்ஸ் பிரையனைக் கட்டிக்கொண்டபோதும், கபூர்தலா ராஜா அனிதாவைக் கட்டிக்கொண்டபோதும் பிடித்த அதே பிடிதான். அங்கெல்லாம் ஏற்கெனவே வேறு ராணிகளும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் இருந்தார்கள். வெள்ளைக்கார மனைவியை ஒதுக்கிவிட்டாலும் வாரிசு பத்திரம். புதுக்கோட்டையில் அந்த வசதி இல்லை.

1915 அக்டோபர் கடைசியில் தம்பதி புதுக்கோட்டைக்கு வந்தார்கள். இந்த ஊரின் ராஜாக்கள் தங்களை ‘பிரகதாம்பாள் தாசர்’ என்று சொல்லிக்கொண்டவர்கள். திருக்கோகர்ணத்து அம்பாளின் ஊழியர்களாக இருந்து நாட்டை ஆள்வதாக ஐதீகம். சமஸ்தானத்தின் சொந்த நாணயமான அம்மன் காசைப் பார்த்திருக்கிறீர்களா? சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய செப்புக் காசு. ஒரு பக்கம் அம்பாள் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. ராஜா முகம் கிடையாது. நவராத்திரியில் அரிசியோடு அந்தக் காசையும் சேர்த்துத் தானம் கொடுப்பது அன்றைய வழக்கம். அம்பாளின் பெயரால் காசு அடிக்கிற ஊருக்கு மெல்பர்ன் மருமகள் வந்து இறங்கினாள்.

தங்கியது ஐந்தாறு மாதம்தான். வெள்ளைக்கார அதிகாரிகளின் குடும்பங்கள் எட்டியே நின்றன. அரண்மனைச் சொந்தங்களுக்கும் உவப்பில்லை. இதற்கிடையில் மோலி கர்ப்பமானாள். உடம்புக்கு முடியாமல் போனது. சாப்பாட்டில் அரளி விஷம் வைத்தார்கள் என்று பேச்சு எழுந்தது. அரளி நம் ஊர்களில் வேலியோரம் பூத்துக் கிடக்கும் செடி. தற்கொலைச் செய்திகளிலும் குடும்பப் பகைக் கதைகளிலும் தலை காட்டாமல் இருக்காது. 1916 ஏப்ரலில் இருவரும் கிளம்பினார்கள். அந்த வருஷம் ஜூலை 22 அன்று சிட்னியில் ஆண் குழந்தை பிறந்தது. தொண்டைமான் வம்சத்துப் பெயரையும் பிறந்த ஊரையும் சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள்.

சிட்னிக்குப் பட்டம் இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. இதில்தான் வயிற்றெரிச்சல். 1857 கலவரத்துக்குப் பிறகு, பிள்ளை இல்லாத ராஜாக்கள் தத்து எடுத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷார் சனது கொடுத்தார்கள். புதுக்கோட்டைக்கும் 1862-ல் கிடைத்தது. அந்தச் சனதின் புண்ணியத்தில் பட்டத்துக்கு வந்தவர்தான் மார்த்தாண்ட பைரவர். ஆக, தத்துப் பிள்ளை ராஜாவாகலாம். முறைப்படி தாலிக்கு நிகராகக் கையெழுத்திட்டுப் பெற்ற பிள்ளை ஆகக் கூடாது! அரச குடும்பங்களில் ரத்தம்தான் பெரிது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கலாம்.

ராஜா விட்டுப் பார்த்தார், கேட்டுப் பார்த்தார். 1919 வரை ஆஸ்திரேலியாவில் பந்தயக் குதிரைகள் வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். பிறகு ஐரோப்பா. கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார்: மனைவியையும் மகனையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய் ஆள்வதில்லை. 1922-ல் அண்ணன் விஜயரகுநாத துரைராஜா கையில் ரீஜெண்ட் பொறுப்பு போனது. மார்த்தாண்ட பைரவர் பெயரளவில் ராஜா; குடியிருப்பு தென் பிரான்ஸில் கான் நகரத்தில். இதைப் பெரிய காதல் தியாகம் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் அவருக்கு முன்னாலேயே சலித்திருந்தது. மோலி ஒரு நல்ல காரணமாக அமைந்தாள். அவளை அவர் கடைசிவரை கைவிடவில்லை என்பது வேறு விஷயம், அதில் சந்தேகமில்லை.

கானில் மோலியின் வாழ்க்கை சோகக் கதை அல்ல. விருந்துகள், உடைகள், பெரிய இடத்து நட்புகள். பேர்பெற்ற புகைப்படக்காரர் செசில் பீட்டன் அவளுக்கு நண்பர், படமும் எடுத்தார். சென்னை கவர்னர் கொடுக்காத நாற்காலியை ரிவியேரா கொடுத்தது.

1928 மே 28 அன்று பாரிஸில் ராஜா இறந்தார். அம்பாளின் தாசருக்குத் தகனம் நடந்தது லண்டன் கோல்டர்ஸ் கிரீனில். சிட்னிக்கு அப்போது 12 வயதுகூட நிறையவில்லை. அவனைத் தாண்டி, வம்சத்தின் இன்னொரு கிளையிலிருந்து ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானை அரசாங்கம் தேர்ந்தெடுத்தது. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தவர் அவர்தான். வெள்ளைக்கார ரத்தம் கலக்காத வாரிசு வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டுத் தேடிப் பிடித்த அந்த ராஜா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மோலி 1967-ல் கானில் இறந்தாள். அதுவரை யாரும் அவளை ‘ஹைனஸ்’ ஆக்கவில்லை. ஆக்க வேண்டிய சாம்ராஜ்யம் அதற்கு இருபது வருஷம் முன்பே மூட்டை கட்டியிருந்தது.

மார்த்தாண்ட பைரவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 1928 மார்ச்சில், இந்தூரின் துகோஜிராவ் ஹோல்கர் அமெரிக்கப் பெண் நான்சி மில்லரைக் கைப்பிடித்தார். அவர் விவரமானவர். 1926-லேயே பட்டத்தைத் துறந்துவிட்டார், பிறகுதான் கல்யாணம். மணப்பெண்ணை இந்துவாக்கி, சர்மிஷ்டா தேவி என்று பெயரும் சூட்டினார்கள். ஆனால் அவர் பட்டத்தைத் துறந்தது இந்தப் பெண்ணுக்காக அல்ல. அதன் பின்னால் பம்பாய் மலபார் ஹில்லில் நடந்த ஒரு கொலை இருக்கிறது. மும்தாஜ் பேகம் என்ற நாட்டியக்காரியின் கதை அது.

(அடுத்த வாரம்: இந்தூர்)