வயிற்றைக் கலக்கும் வியாதி: போத்தல் வாங்க முன் ஒரு வார்த்தை



"பெரட்டுக்கு வெளிக்கிட்டா வயிறு கலக்குது, மலைக்கு ஏறின பொறகு ஒதுங்க இடமில்ல" என்று சொல்லும் பெண்கள் எல்லா டிவிஷனிலும் இருக்கிறார்கள். சிலருக்கு இது நேர்மாறு. மூன்று நாளானாலும் வெளிக்குப் போகாது, வயிறு உப்பி முறுக்கி வலிக்கும். இரண்டும் மாறி மாறி வருகிறவர்களும் உண்டு. அரைப் பேரோடு இறங்கி வருவார்கள், அல்லது பயத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடாமலே கொழுந்துக்குப் போவார்கள். வெளியே சொல்ல வெட்கம். அதனால் டிஸ்பென்சரிக்கு வராமல், பதுளை டவுனில் ஒரு சூரணம், பஸ் நிலையத்தில் ஒரு டொனிக், பக்கத்து லயத்து அக்கா சொன்ன ஒரு லேகியம் என்று சம்பளக் காசு கரைகிறது.

டொக்டர்மார் இதை ஐ.பி.எஸ். என்கிறார்கள். கெமராக் குழாய் விட்டுப் பார்த்தாலும் குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. ஆனால் குடல் அசைகிற வேகம் ஒழுங்காக இல்லை, குடல் நரம்புகளும் சின்ன வாயுவுக்கே வலியென்று மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. வலி வரும், வெளிக்குப் போனால் குறையும் அல்லது கூடும், மலம் இளகும் அல்லது இறுகும். இது மாதக் கணக்கில் தொடரும். இது தொற்றாது, புற்றுநோயாகவும் மாறாது. "ரிப்போட்டில ஒண்ணுமில்ல, சும்மா சொல்றா" என்று வீட்டில் யாரும் பேசக்கூடாது. வலி உண்மையான வலிதான்.

ஆனால் எல்லா வயிற்று வலியும் இது அல்ல. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, காய்ச்சல், இரவில் நித்திரையைக் கலைக்கும் வயிற்றோட்டம், இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொன்னது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்து தேடாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். பூச்சி, அமீபா போன்றவையும் இதே மாதிரிக் கலக்கும். மலம் சோதித்தால் தெரியும். இன்னொன்று: இரும்புச்சத்துக் குளிசை குடிக்கும் பெண்களுக்கு மலம் கறுப்பாகும், இறுகவும் செய்யும். அது அந்தக் குளிசையின் வேலை. உங்கள் பாட்டுக்கு நிறுத்தாமல் மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள்.

சரி, எதுதான் கேட்கும்?

2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். இசப்கோல் உமி, குடல் பிடிப்பைத் தளர்த்தும் மாத்திரைகள், பெப்பர்மின்ட் எண்ணெய் ஆகிய மூன்றும் வெறும் மாவுக் குளிசையை விட நன்றாகக் கேட்டன. கோதுமைத் தவிடு கேட்கவில்லை. அடுத்த வருடம், 2009-ல், நெதர்லாந்தில் 275 பேருக்குப் பன்னிரண்டு கிழமை கொடுத்துப் பார்த்தபோதும் இசப்கோல்தான் முன்னுக்கு நின்றது. தவிடு குடித்தவர்களில் பலர் வயிறு மோசமாகி இடையிலே விட்டுவிட்டார்கள். ஆகவே "நார்ச்சத்து நல்லது" என்று தவிட்டை அள்ளிப் போடாதீர்கள்.

இசப்கோல் பாமஸியில் கிடைக்கும். ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும், பிறகும் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் கட்டிக்கொள்ளும். முதல் சில நாள் வாயு கூடும், பயப்படத் தேவையில்லை. பெப்பர்மின்ட் எண்ணெய் கெப்சியூலைக் கடிக்காமல் முழுசாக விழுங்க வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது சரிவராது. புதினா இலையை அவித்துக் குடிப்பது இதமாயிருக்கும், ஆனால் கெப்சியூலில் உள்ள அளவு அதில் இல்லை. பிடிப்புக்கு மெபெவரின் போன்ற மாத்திரையை டொக்டர் எழுதித் தருவார்.

கற்றாழைச் சாறு இப்போது எங்கும் விற்கிறார்கள். இங்கிலாந்து அரசாங்கத்தின் வைத்திய வழிகாட்டி நிறுவனம் 2008-ல் இந்த வியாதிக்குக் கற்றாழையைக் கொடுக்க வேண்டாம் என்றே எழுதியது. நல்ல கிருமி அடங்கிய மருந்து பார்க்க விரும்பினால் குறைந்தது நாலு கிழமை குடித்துப் பார்க்கவும், தேத்தண்ணியும் கோப்பியும் நாளைக்கு மூன்று கோப்பைக்குள் நிறுத்தவும் அதே வழிகாட்டி சொன்னது. தேயிலைக்காரரிடம் தேத்தண்ணியைக் குறை என்பது கஷ்டந்தான்! வெறும் வயிற்றில் குடிக்கும் அந்த முதல் கடுஞ்சாயத்தையாவது பத்து நாள் நிறுத்திப் பாருங்கள்.

சாப்பாட்டில் நம்முடைய சந்தேகம் கோதுமை மா ரொட்டியிலும் வெங்காயச் சம்பலிலும் விழுகிறது. மெல்பர்னில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தார் கண்டது இது: கோதுமை, வெங்காயம், பூண்டு, பருப்பு, கடலை, பால் ஆகியவற்றில் உள்ள சில சர்க்கரைகளைச் சிறுகுடல் சரியாக இழுத்துக்கொள்வதில்லை. அவை கீழே போய்ப் புளித்து வாயுவாகின்றன. நாலு கிழமைக்கு ரொட்டிக்குப் பதில் சோறு, அரிசிமாப் பிட்டு, குரக்கன், உருளைக்கிழங்கு என்று மாற்றிப் பாருங்கள். பருப்பை ஊறவைத்து, அவித்த தண்ணியை ஊத்திவிட்டுக் கொஞ்சமாகச் சாப்பிடலாம். குறைந்தால், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது குத்தமென்று பிடிக்க வேண்டும். ஆயுசு முழுக்க எல்லாவற்றையும் விலக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கும் இந்தப் பத்தியம் வேண்டாம்.

"அந்த டொனிக் அவளுக்குக் கேட்டுச்சே" என்று கேட்பீர்கள். 2010-ல் ஹாவார்ட் வைத்தியர்கள் எண்பது நோயாளிகளைச் சேர்த்தார்கள். அதில் ஒரு பகுதியினருக்கு, "இதில் மருந்தே கிடையாது" என்று வெளிப்படையாகச் சொல்லியே வெறும் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று கிழமையில் அவர்களில் 59 வீதம் பேர் போதிய சுகம் என்றார்கள். ஒன்றும் கொடுக்காதவர்களில் 35 வீதம். கவனித்துப் பேசுவதற்கும், ஒழுங்காக ஒன்றைக் குடிப்பதற்குமே இவ்வளவு பலன் உண்டு. இந்த வியாதி தானாகவும் ஏறி இறங்கும். ஆகவே ஒரு போத்தலுக்குப் பிறகு சுகம் வந்தது என்பதால் அந்தப் போத்தல்தான் செய்தது என்று ஆகாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிள்ளையின் பழைய கொப்பியில் தேதி, சாப்பாடு, வலி, எத்தனை தரம் போனது என்று எழுதி வையுங்கள்.

கடைசியாக அமிட்ரிப்டிலின் மாத்திரை. இது மனச்சோர்வுக்குக் கூடிய அளவில் கொடுப்பது. டொக்டர் எழுதித் தந்ததும், "எனக்குப் பைத்தியமா?" என்று வீசிவிடுகிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 463 நோயாளிகளுக்குச் சின்ன அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் வெறும் மாத்திரையை விட நல்ல சுகம் கிடைத்தது. அது குடல் நரம்பின் கூச்சத்தைக் குறைக்கத்தான். வாய் காயும், தூக்கம் வரும், அதனால் இரவில் குடிப்பது. ஒத்துவராவிட்டால் வீசாமல், மாத்திரைப் பையையும் எழுதின கொப்பியையும் எடுத்துக்கொண்டு எழுதித் தந்த டொக்டரிடமே திரும்பப் போங்கள்.